கரையும் பம்பும்

கரை உயர்ந்துவிட்டது, இனிப் பம்பை நிறுத்திவிடலாம் என்று துவான் சொன்னபோது அந்த வீட்டில் யாருக்கும் அது தவறாகப் படவில்லை. எங்கள் வாய்க்கால் ஓரத்தில் எந்த வீட்டில் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள். இங்கே மனிதர்கள் நடக்கப் பழகும் வயதிலேயே தண்ணீரைப் பற்றிச் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் இருந்தது.

தியென் ஆறு பெருகும் மாதங்களில் எங்கள் வயல்கள் ஆற்றைவிடத் தாழ்ந்து கிடக்கும். வயலைச் சுற்றி மண்கரை இருக்கும். வெளியே நிற்கும் வெள்ளத்தைக் கரை தடுக்கிறது. மழையாலும் ஊற்றாலும் உள்ளே சேரும் தண்ணீரைப் பம்பு இறைத்து வெளியே தள்ளுகிறது. கரை மட்டும் இருந்தால் வயல் உள்ளிருந்தே மூழ்கும். பம்பு மட்டும் இருந்தால் ஆற்றையே இறைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். துவான் இந்தப் பம்புகளின் மெக்கானிக். எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த வளையம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். சொல்வதோடு விடவும் மாட்டான். ஏன் தேய்ந்தது, தேய்ந்தால் எண்ணெய் எங்கே போகும், போனால் என்ன ஆகும் என்று வயல்காரர் சாப்பாட்டு நேரம் தாண்டியும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அவன் மனைவி மியென் மீன் ஆலையில் வேலை பார்த்தாள். வயிற்றில் பிள்ளை ஐந்து மாதமாக இருக்கும்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரிந்தது. ஈரலில் குடியிருக்கும் வைரஸ் அது. எங்கள் பக்கம் அது புதிய செய்தி அல்ல. நாலைந்து வீடு தள்ளி நடந்தால் யாருக்காவது இருக்கும். பெரும்பாலானவர்களுக்குப் பிறக்கும்போது தாயின் ரத்தத்திலிருந்து வந்து சேர்ந்தது. வளர்ந்தவர் உடம்பு பல நேரம் இந்த வைரஸைத் துரத்திவிடும். பிறந்த குழந்தையின் உடம்புக்கு அந்தப் பழக்கம் இல்லை. வந்தவன் வீட்டுக்காரன் என்று நினைத்து இடம் கொடுத்துவிடும். பிறகு முப்பது நாற்பது வருடம் சத்தமே இருக்காது. மியெனின் அம்மாவுக்கும் சத்தமே இல்லாமல்தான் இருந்தது, வயிறு வீங்கும்வரை. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தபோது மியென் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

மாகாண ஆஸ்பத்திரியில் ஈரல் டாக்டரான கியெட்டிடம் மூன்று பேராகப் போனார்கள். மூன்றாவது ஆள் துவானின் அக்கா. அவரை ஊரே பா அக்கா என்றுதான் கூப்பிடும். வாத்து முட்டை வியாபாரம். நாலு பிள்ளை பெற்றவர். மியெனுக்குத் தாய் இல்லாததால் அந்த இடத்தைத் தானே எடுத்துக்கொண்டவர்.

"வைரஸ் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. ஈரல்ல கொஞ்சம் தழும்பும் விழுந்திருக்கு," என்றார் டாக்டர். "இன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சிடலாம். தினம் ஒண்ணு. குழந்தை பொறந்த உடனே அதுக்கு ரெண்டு ஊசி."

பா அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கு ஒண்ணு புரியல டாக்டர். மாத்திரை வேலை செய்யும்னா குழந்தையை எதுக்குக் குத்தணும்? ஊசி வேலை செய்யும்னா வயித்துப்புள்ளக்காரிக்கு எதுக்கு மாத்திரை? ஒரே வீட்டுக்கு ரெண்டு சமையல்காரி வச்சா ரெண்டு பேரும் சண்டைதான் போடுவாங்க."

"சண்டை போடாது. ரெண்டும் வேற வேற எடத்துல நிக்குது."

"உள்ள போனா எல்லாம் ஒரே வயிறுதானே."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். எப்படித் தொடங்குவது என்று அவர் யோசித்த அந்தச் சிறு இடைவெளி துவானுக்குப் போதுமானதாக இருந்தது.

"கரையும் பம்பும் மாதிரியா டாக்டர்?"

"எப்படிச் சொல்றீங்க?"

துவான் மேசையிலிருந்த தாளைத் திருப்பிப் போட்டு வரைந்தான். "இவ ரத்தத்துல இருக்கிறது வெள்ளம். குழந்தை தாழ்வான வயல். தடுப்பூசி குழந்தையைச் சுத்திக் கரை கட்டுது. ஆனா கரை கட்ட நாளாகும், மண்ணு இறுகணும். அது இறுகறதுக்குள்ள பிரசவத்தப்ப வெள்ளம் ஒரே அடியா வந்துட்டா? பாதிக் கரையைத் தாண்டி உள்ள போயிடும். அதனால முன்னாடியே மாத்திரையால வெள்ளத்தை எறக்கிடறோம். மட்டம் கம்மியாயிட்டா பாதிக் கரையே தாங்கும். அந்த ரெண்டாவது ஊசி என்னது டாக்டர்?"

"அது யாரோ வேறொருத்தர் உடம்புல தயாரான எதிர்ப்புப் பொருள். உடனே வேலை செய்யும். சில மாசத்துல கரைஞ்சு போயிடும்."

"மணல் மூட்டை," என்றான் துவான்.

டாக்டர் சிரித்துவிட்டார். "இது நல்லா இருக்கு. நான் எடுத்துக்கறேன்." அந்தத் தாளையும் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார்: "பிரசவம் வரைக்கும் ஒரு நாள்கூட விடக் கூடாது. அதுக்கப்புறம் அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. ரத்தம் பார்த்துட்டு மேல எப்படின்னு சொல்றேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை மூவரும் கேட்டார்கள். ஆனால் பாராட்டு வாங்கிய மனிதன் அதற்குப் பிறகு சொல்லப்படுவதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் கேட்பான்.

திரும்பி வரும் வழியில் மியென் கேட்டாள்: "அப்ப நான் வெள்ளமா?"

"உன் ரத்தத்துல இருக்கிறதுதான் வெள்ளம்."

"நீங்க யாரு?"

"மெக்கானிக்."

"கூலி கிடையாது, சொல்லிட்டேன்," என்றாள்.

மாத்திரை தன் வேலையைச் செய்தது. அது எப்படிச் செய்கிறது என்பதைத் துவான் சுகாதார நிலையத்துச் செவிலி ஹன்னிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டான். ஈரலின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் வைரஸ் தன்னைப் போல இன்னொன்றைச் செய்ய ஒரு சங்கிலி கோக்கிறது. மாத்திரை அந்தச் சங்கிலியில் ஒரு பொய்க் கண்ணியாகப் போய் மாட்டிக்கொள்கிறது. அதன் மறுமுனையில் கொக்கி இல்லாததால் அடுத்த கண்ணி சேராது. சங்கிலி பாதியில் நிற்கும். புதிய வைரஸ் பிறப்பது குறையக் குறைய ரத்தத்தில் மட்டம் இறங்கும். எட்டாம் மாதம் பார்த்தபோது கிட்டத்தட்ட வற்றியிருந்தது. ஹன் அக்கா துவானின் விளக்கத்தை மற்றக் கர்ப்பிணிகளுக்கும் சொல்லத் தொடங்கினார். சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்கள், "எனக்குப் பம்பு உண்டா, கரை மட்டும்தானா?" என்று கேட்கும் அளவுக்கு அது பரவியது.

ஒன்று மட்டும் அந்த விளக்கத்துக்குள் வரவில்லை. மாத்திரை சங்கிலியைத்தான் நிறுத்துகிறது. சங்கிலி செய்யும் அச்சு உயிரணுவின் நடுவில் அப்படியே இருக்கிறது. மாத்திரை நின்றால் அச்சு மறுபடி ஓடும்.

ஆறு பெருகத் தொடங்கிய சமயத்தில் மாகாண ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. ஒரு தொடையில் ஓர் ஊசி, மறு தொடையில் ஓர் ஊசி. பா அக்கா இரண்டு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சோளம் என்ற பொருளில் பாப் என்று வீட்டுப்பெயர் வைத்தார்கள். அழகான பெயர் வைத்தால் கண்ணுக்குத் தெரியாதவை ஆசைப்பட்டுத் தூக்கிப்போகும்.

வீடு வந்து சேர்ந்தபோது மாத்திரைப் புட்டியில் கடைசி அடுக்கு மட்டும் இருந்தது.

"இன்னும் முழுங்கணுமா?" என்று பா அக்கா கேட்டார். "தாய்ப்பால்ல இறங்காது?"

துவான் யோசித்தான். நன்றாகவே யோசித்தான் என்றுதான் சொல்ல வேண்டும். கரை உயர்ந்து, உள்ளே வற்றிவிட்டால், பம்பை நிறுத்துவது எங்கள் பக்கத்து நடைமுறை. ஓட வேண்டியதில்லாத எஞ்சினை ஓட்டுபவனை நாங்கள் மெக்கானிக் என்று சொல்வதில்லை.

"கரை உயர்ந்தாச்சு அக்கா. பம்பை நிறுத்திடலாம்."

"டாக்டர் வரச் சொன்னாரே," என்றாள் மியென் கட்டிலிலிருந்து.

"பச்ச உடம்போட ஆத்துக்காத்துல எங்க போறது?" என்றார் பா அக்கா. "காத்து ஏறிச்சுன்னா காலத்துக்கும் தலைவலி. மூணு மாசம் போகட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்."

அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. துவானின் கணக்கில் தவறு இருந்த இடம் இதுதான்: எங்கள் வயலில் கரையும் பம்பும் ஒரே வயலுக்கு. இங்கே கரை குழந்தைக்குள், பம்பு தாய்க்குள். குழந்தையின் கரை எவ்வளவு உயர்ந்தாலும் தாயின் வயலில் ஒரு சாண் தண்ணீரைக்கூட அது தடுக்காது. அந்த மாத்திரை ஊசிக்குத் துணை போகவும் வந்தது, மியெனின் தழும்பு விழுந்த ஈரலைக் காக்கவும் வந்தது. அவன் பார்த்தது முதல் வேலையை மட்டும்.

பிள்ளை பெற்றவள் அறை எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இருக்கும். ஜன்னல்கள் மூடி, இடுக்குகளில் துணி. மூங்கில் கட்டிலுக்கு அடியில் கரிச்சட்டி. பெற்றவளுக்குக் காதில் பஞ்சு, தலையில் துண்டு, காலில் காலுறை. வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்பதால் ஒரு சின்ன விளக்கு மட்டும். சாப்பாடு, மிளகு போட்டு வற்றக் காய்ச்சிய உப்புப் பன்றிக்கறியும் சோறும். தண்ணீர் அளவாகத்தான். அரிசிச் சாராயத்தில் ஊறிய மஞ்சளை முகம், கழுத்து, வயிறு, கைகால் எல்லாம் தேய்ப்பார்கள். சூடு ஏறும், தோல் இறுகும், நிறம் திரும்பும். மற்றவர்கள் ஒரு மாதத்தில் மஞ்சளை விட்டுவிடுவார்கள். பா அக்கா விடவில்லை. தாயில்லாப் பெண்ணுக்கு யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

"போதும் அக்கா. பொரிச்ச மீன் மாதிரி இருக்கேன்," என்பாள் மியென்.

"இன்னும் ஒரு பக்கம் வேகல. திரும்பு," என்பார் பா அக்கா.

அந்த அறைக்குள் ஒன்று மெதுவாக வந்துகொண்டிருந்தது. அதற்கு அந்த வீட்டில் எல்லா வசதியும் இருந்தது.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தாயின் உடம்பு நோயை எதிர்க்கும் தன் காவலாளிகளை அடக்கி வைக்கிறது. இல்லாவிட்டால் பாதி அப்பனுடையதான பிள்ளையை அந்நியன் என்று அவர்கள் தாக்கிவிடுவார்கள். பிள்ளை வெளியே வந்ததும் காவலாளிகள் விழித்துக்கொள்கிறார்கள். மியெனுக்கு அவர்கள் விழித்த அதே வாரங்களில்தான் மாத்திரை நின்றது, அச்சு மறுபடி ஓடத் தொடங்கியது. விழித்தவர்கள் ஈரலைப் பார்த்தார்கள். உயிரணுவுக்கு உயிரணு வைரஸ். இந்த வைரஸ் தானாக ஈரலை அதிகம் சேதப்படுத்துவதில்லை. அது ஒளிந்திருக்கும் உயிரணுவைக் காவலாளிகள் கொளுத்துகிறார்கள். ஒன்றிரண்டு வீட்டைக் கொளுத்தினால் ஊர் தாங்கும். ஏற்கெனவே தழும்பு விழுந்த ஊரில் தெருத்தெருவாகக் கொளுத்தினால் தாங்காது.

முதலில் மியெனுக்குச் சோறு பிடிக்காமல் போயிற்று. அடியிலே கரி எரிந்தால் யாருக்குத்தான் பசிக்கும் என்றார்கள். பிறகு சோர்வு. குழந்தைக்காரி சோர்வாக இருப்பதில் என்ன அதிசயம்? சிறுநீர் தேநீர் நிறத்தில் போவதாக அவளே சொன்னாள். உப்புக்கறியும் குறைந்த தண்ணீரும் அதற்குக் காரணமாயின. உடம்பு அரித்தது. அது சூட்டுக்கொப்புளம். ஒவ்வொரு அறிகுறியும் வந்து கதவைத் தட்டியபோது அதற்கென்று ஒரு பதில் ஏற்கெனவே அறைக்குள் உட்கார்ந்திருந்தது. கடைசியாக அவள் தோல் மஞ்சளாயிற்று. அதை யாரும் பார்க்கவில்லை. தினமும் தேய்த்துவிடும் பா அக்காவும் பார்க்கவில்லை.

துவான் விடியுமுன் படகில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். அந்த வருடம் வெள்ளம் அதிகம். எல்லாக் கரையிலும் எஞ்சின் ஓடியது. வந்ததும் வாசலில் டீசல் நாற்றம் போகக் கால் கழுவி, அறைக்குள் எட்டிப் பார்ப்பான். சின்ன விளக்கில் துண்டு கட்டிய ஒரு மஞ்சள் முகம் தெரியும். சில நாள் அவள் பேசுவாள். சில நாள் தூங்கிக்கொண்டிருப்பாள்.

"பகல்லயும் தூக்கம்தான்," என்பார் பா அக்கா. "நல்லதுதான். தூங்கினாதான் பால் ஊறும்."

குழந்தையின் இரண்டாம் மாதத் தடுப்பூசி நாள் வந்தது. துவான் அதை மறக்கவில்லை. கரையை ஒரே முறை கட்டினால் போதாது, மண் போட்டுப் போட்டு உயர்த்த வேண்டும் என்று அவன்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தான். பாப்பைத் துணியில் சுற்றிப் படகில் வைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனான். நிலையத்தின் கீழ்ப்படிகள் தண்ணீரில் இருந்தன.

ஹன் அக்கா குழந்தையை எடை போட்டு, தொடையைத் தட்டிப் பார்த்தார். "அப்பன் மாதிரியே இருக்கான். வாய் மூட மாட்டேங்கிறான்."

"அவன் இன்னும் பேச ஆரம்பிக்கல அக்கா."

"அதுக்கே இப்படி." ஊசியைப் போட்டார். அழுகை அடங்கியதும் கேட்டார்: "மியெனுக்கு மாத்திரை எங்க வாங்குறீங்க? இங்க வர்றதே இல்ல."

"அது பிரசவத்தோட முடிஞ்சிடுச்சே."

"முடிஞ்சிடுச்சுன்னா? டாக்டர் நிறுத்தச் சொன்னாரா?"

"அவரை எங்க பார்த்தோம்? கரைதான் உயர்ந்தாச்சே அக்கா, உள்ளேயும் வத்திப் போச்சு. எதுக்குச் சும்மா ஓட்டணும்னு…"

ஹன் அக்கா கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். அவர் குரல் உயரவில்லை. அது துவானுக்குக் கூச்சலைவிட மோசமாக இருந்தது.

"துவான், கரை யாருக்குள்ள இருக்கு?"

"பாப்புக்கு."

"பம்பு?"

துவானுக்குத் தானே வரைந்த படம் கண்முன் வந்தது. அதில் ஒரு வயல்தான் இருந்தது. மியெனுக்கு அவன் வயலே வரையவில்லை. அவளை வெள்ளமாகவே வரைந்திருந்தான்.

"சாப்பிடறாளா?" என்று கேட்டார் ஹன்.

"அவ்வளவா இல்ல."

"வாந்தி?"

"முந்தாநாள்."

"கண்ணைப் பார்த்தீங்களா? வெள்ளை வெள்ளையா இருக்கா?"

துவான் எவ்வளவோ எஞ்சின்களின் உள்ளே விளக்கடித்துப் பார்த்தவன். மனைவியின் கண்ணை வெளிச்சத்தில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இப்பவே போங்க," என்றார் ஹன். "நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றேன். மஞ்சளைத் தொடைச்சுட்டுப் பாருங்க."

அவன் படகை ஓட்டி வந்த வேகத்தில் வாய்க்கால் ஓரத்து வீடுகளின் வாசலில் அலை ஏறியது. சிலர் திட்டினார்கள். வீட்டுக்குள் வந்து குழந்தையைப் பா அக்காவிடம் கொடுத்தான். நேராக அறைக்குப் போய் ஜன்னல் இடுக்கிலிருந்த துணிகளைப் பிடுங்கினான்.

"டேய், என்ன பண்ற? காத்து வரும்."

"வரட்டும் அக்கா."

"பைத்தியமா புடிச்சிருக்கு? பச்ச உடம்புடா அது."

ஜன்னல் திறந்தது. வெள்ளத்தின் மேல் பட்ட வெயில் கூரையில் ஆடியது. மியென் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் அந்தக் கையை மெதுவாக விலக்கினான்.

"கண்ணைத் தொற. கொஞ்ச நேரம்தான்."

அவள் திறந்தாள். கண்ணின் வெள்ளை இருக்க வேண்டிய இடம் பழுத்த மாம்பழத் தோலின் நிறத்தில் இருந்தது. மஞ்சள் தேய்க்கும் எந்தக் கையும் அங்கே போவதில்லை.

பா அக்கா அதைப் பார்த்தார். குழந்தையைத் துவானிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெந்நீரும் துணியும் கொண்டுவந்து மியெனின் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். துணியில் மஞ்சள் வந்தது. அலசித் துடைத்தார், மறுபடி வந்தது. கழுத்து, தோள், கை என்று துடைத்துக்கொண்டே போனார். கடைசியில் துணி சுத்தமாக வந்தது. மியெனின் தோல் அதே நிறத்தில் இருந்தது.

"போகலையே தம்பி," என்றார் பா அக்கா. "நான் நல்லாத்தானே தேய்க்கிறேன்."

மாகாண ஆஸ்பத்திரியில் டாக்டர் கியெட் ரத்த அறிக்கை வந்ததும் துவானைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார். திட்டவில்லை.

"மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சாச்சு. அது வைரஸ் பெருகறதை நிறுத்தும். ஆனா எரிஞ்சு போன ஈரலை அது கட்டித் தராது. அதை உடம்பேதான் கட்டணும்."

"கட்டுமா?"

"பாதிப் பேருக்குக் கட்டும்னு சொன்னா அது உங்களுக்கு உதவுமா, தெரியல. ரத்தம் உறையற நேரம் நீண்டுட்டே போகுது. அது இன்னும் நீண்டா சைகோன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அங்க வேற ஈரல் வைக்கிறதைப் பத்திப் பேசுவாங்க. இப்போதைக்கு இவங்க இந்தக் கட்டத்தைத் தாண்டறாங்களான்னு பார்க்கணும்."

"குழந்தை?"

"குழந்தை நல்லா இருக்கான். மாத்திரையும் ஊசியும் சேர்ந்து செஞ்ச வேலை அது. அதுல நீங்க தப்பே பண்ணல." டாக்டர் அறிக்கையை மடித்தார். "ஒரு விஷயம் சொல்றேன், கவனமாக் கேளுங்க. ஈரல் வேலை செய்யாட்டி உடம்போட கழிவு மூளைக்கு ஏறும். முதல்ல தெரியறது குழப்பம்தான். பகல்ல தூங்குவாங்க, ராத்திரி முழிப்பாங்க. தெரிஞ்ச விஷயமே மறந்து போகும். பக்கத்துல இருந்து அப்பப்ப ஏதாவது சுலபமாக் கேளுங்க. பதில் தப்பினா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க. எங்களைக் கூப்பிடுங்க."

இந்த முறை துவான் கடைசி வாக்கியத்தையும் கேட்டான்.

பா அக்கா குழந்தையோடு கீழே பால் மாவு வாங்கப் போயிருந்தார். வார்டில் பிற்பகல் வெளிச்சம். மியென் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டதும் திரும்பினாள்.

"என்ன சொன்னாரு?"

"மாத்திரையை நான் நிறுத்தினது தப்புன்னாரு."

"அவரு சொன்னாரா, நீங்க சொல்றீங்களா?"

"நான்தான்."

"ஏன் தப்பு? விவரமாச் சொல்லுங்க. நீங்க விவரமாச் சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

பழைய மியென்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சொல்லத் தொடங்கினான். இந்த முறை வயல் இல்லாமல், வெள்ளம் இல்லாமல். உன் ஈரல், உன் ரத்தம், உன் உடம்பின் காவலாளிகள் என்று சொன்னான். ஊசி பாப்புக்கு, மாத்திரை பாப்புக்கும் உனக்கும், அந்த 'உனக்கும்' என்பதை நான் விட்டுவிட்டேன் என்றான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமை கனத்து இறங்கியது, ஏறியது, இறங்கியது.

"மியென்."

"ம்."

"தூங்காத. ஒண்ணு கேக்கறேன்."

"கேளுங்க."

"நம்ம பையன் பேரு என்ன?"

இதைப் போய்க் கேட்கிறீர்களே என்பது போல அவள் உதட்டில் ஒரு சிரிப்பு எழுந்தது. வாயைத் திறந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கண்கள் அவன் முகத்திலிருந்து நகர்ந்து, கூரையில் எதையோ தேடி, மறுபடி அவன் முகத்துக்கு வந்தன. அங்கேயும் அது கிடைக்கவில்லை போலிருந்தது.

"அதான்…" என்றாள். "இருங்க, சொல்றேன்."

அவன் காத்திருக்கவில்லை. எழுந்து கதவை நோக்கி நடந்தான். தாழ்வாரத்துக்கு வந்ததும் ஓடினான்.